கொம்பியூட்டர் காணாத வெள்ளம்

தண்ணீர் கூடினால் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை. வயலுக்குள் நின்று பார்த்தால் வரம்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது. வவுணதீவுப் பக்கம் புளியடி வட்டை என்ற வயல்வெளியில் மீசை முளைத்த நாள் தொடக்கம் இந்தக் கணக்கை வைத்துத்தான் வேளாண்மை செய்கிறேன். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, கொம்பியூட்டரின் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு சபை சொல்லிவிட்டது. அந்தச் சபையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

மாரியில் எங்கள் வாவி நிரம்பும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு கிடக்கிறது. அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும். ஆற்றுவாய் வெட்டுவது என்று சொல்லுவோம். வெட்டினால் வயல்காரன் பிழைப்பான். முந்தி வெட்டினால் வாவிக்குள் வளருகிற இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மீன்காரன் குழறுவான். இரண்டு பேரும் மண்வெட்டியும் கையுமாக அடிபடாமல் இருக்கத்தான் ஆற்றுவாய் ஆலோசனைச் சபை வந்தது. வாவித் தண்ணீர் குறித்த மட்டத்துக்கு வந்தால் வெட்டலாம், வராவிட்டால் வெட்டக் கூடாது, களவாக வெட்டினால் பொலிஸ். நியாயமான சட்டம். சபைக் கட்டடத்துக்குப் பின்னால் வாவிக்குள் சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு அளவுக் கம்பம் நின்றது. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் மண் தோண்டுகிற பெக்கோ புறப்படும். நானும் பார்க்கலாம், மீன்காரனும் பார்க்கலாம், பாலத்தில் போகிற பேய்க்கும் தெரியும்.

போன வருசம் ஒரு திட்டம் வந்தது. திட்டம் என்று வந்தால் எதையாவது பிடுங்காமல் போகாது. கம்பத்தைப் பிடுங்கினார்கள். அந்த இடத்தில் கறுப்புக் குழாய் போன்ற ஒரு மானியை நட்டார்கள். மானி தண்ணீரைப் பார்த்துக் கம்பி வழியாகக் கொம்பியூட்டருக்குச் சொல்லும், கொம்பியூட்டர் சபைக்குச் சொல்லும், சபை பெக்கோவுக்குச் சொல்லும். திறப்பு விழா கோடையில் நடந்தது. திரையில் ஒரு வாவியின் படம் ஓடியது. அது எங்கள் வாவி இல்லை, கரையில் பனி கிடந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிடுங்கிய கம்பத்தில் திட்டத்தின் பெயர்ப்பலகையை அடித்துச் சபை வாசலில் நட்டார்கள். கடைசியாக அதற்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது என்று தவிசாளர் பேசினார்.

இந்த மாரியில் மழை விடாமல் பிடித்தது. என் வேளாண்மை குடலையில் நின்றது. கதிர் தண்டுக்குள் இருந்து இன்னும் வெளியே வராத பருவம். அந்தப் பருவத்தில் பயிர் தண்ணீருக்குள் தாண்டு கிடந்தால் உள்ளேயே அழுகிவிடும். ஆற்றுவாய் ஒரு கிழமைக்குள் வெட்டுப்பட்டால் நெல், இல்லாவிட்டால் சேறு. எனக்குப் பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்கிற ஏறாவூர் முனாப்பையும் கூட்டிக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டிச் சபைக்குப் போனேன். வாவி சபையின் கீழ்ப் படியில் ஏறி நின்றது.

உள்ளே கொம்பியூட்டருக்கு முன்னால் கம்சாயினி இருந்தாள். தொழில்நுட்ப உத்தியோகத்தர். திரையில் ஒரு வெறும் பெட்டி தெரிந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"புள்ள, தண்ணி எவ்வளவு காட்டுது?"

"ஒண்டும் காட்டல்ல ஐயா."

"ஒண்டும் காட்டல்லயெண்டா தண்ணி இல்லையெண்டா கருத்து?"

"இல்ல ஐயா. மானி ஒண்டு கொழுவி இரிக்கிறதே இதுக்குத் தெரியாது."

பிறகு அவள் விளங்கப்படுத்தினாள். எனக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறேன். கொம்பியூட்டரின் அடிவயிற்றில் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது. வெளியில் எந்தச் சாமானைக் கொழுவினாலும் இது இன்ன சாமான் என்று அடையாளம் காண்பது அதன் வேலை. இங்கே இருப்பது பழைய கேர்னல். மானி புதியது. புதிய கேர்னலுக்கு இந்த மானியைத் தெரியும்.

"அப்ப புதுசப் போடுறதுதானே தங்கச்சி?" என்றான் முனாப்.

"ரெண்டு வழி இரிக்கி. ஒண்டு, மேலிடத்தில சோதிச்சுப் பாத்து அனுப்புற வரைக்கும் நிக்கிறது. மத்தது, அதின்ட மூலத்தை இறக்கி நாங்களே இஞ்ச வச்சுக் கட்டுறது. கொம்பைல் பண்ணுறது எண்டு சொல்லுவாங்க."

"மேலிடம் எப்ப அனுப்பும்?"

"சித்திரைக்குப் புறகு."

"சித்திரைக்குப் புறகு அந்த மானியில கொக்குத்தான் குந்தும்," என்றான் முனாப். "நீங்களே கட்டுங்களன்."

"கட்டலாம். எனக்குத் தெரியும். ஆனா சபை தீர்மானிக்கணும்."

"உன்ட விரலால அமத்துறதுக்கும் சபையா?" என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "ஐயா, நான் ஒப்பந்தத்தில இரிக்கிறன். நிரந்தரமாக்கினாத்தான் இது எண்ட விரல். அது வரைக்கும் சபைட விரல்."

அவளை நான் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது பொய் இல்லை.

அடுத்த நாள் சபை கூடியது. காத்திருப்பதா, நாமே கட்டுவதா என்பது பொருள். தவிசாளர் மங்களராசா, அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். இரண்டு படிகள் தண்ணீருக்குள் போயிருந்தபடியால் அவருடைய சப்பாத்தை ஒருவன் தூக்கிக்கொண்டு வர, அவர் பலகையில் நடந்து வந்தார்.

கூட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. பேச விரும்புகிறவர் கையை உயர்த்த வேண்டும். தீர்மானம் ஒன்று முன்மொழியப்பட்ட பிறகு கையை உயர்த்தினால் அதை வழிமொழிந்ததாகப் பதிவார்கள். எது எந்த நேரம் என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்பத்தைத் திரும்பவும் நடுங்கள் என்று சொல்லக் கையை உயர்த்தினேன். அங்கத்தவர்களுக்கு இரண்டாவது தேநீர் வழங்கும் தீர்மானத்தை வழிமொழிந்தவன் என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

தவிசாளர் எழுந்தார்.

"அன்பார்ந்த பயனாளிகளே. இது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல, பொறுப்புப் பிரச்சினை. நாம் காத்திருந்தால் தாமதம் மேலிடத்துடையது. நாமே கட்டினால் பிழை நம்முடையது. என் சேவைக் காலத்தில் பிழை விட்டவர்கள் இடமாற்றம் பெற்றதைக் கண்டிருக்கிறேன். தாமதித்தவர்கள் பதவி உயர்வு பெற்றதைக் கண்டிருக்கிறேன். நான் எவரையும் குறை கூறவில்லை. நானும் அந்த வழியால்தான் இந்தக் கதிரைக்கு வந்தேன்."

கை தட்டினார்கள். மீனவர் சங்கத் தலைவர் வேலன் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினான். வேலனின் மகளைத்தான் என் தம்பியின் மகன் கலியாணம் முடித்திருக்கிறான். அந்த முறையில் எனக்கு மச்சான்.

"என்ன மச்சான், காத்திருக்கிறது அவ்வளவு ருசியா?" என்று அவன் காதுக்குள் கேட்டேன்.

"இறால் இன்னம் விரல் பருமன் வரல்ல மச்சான். தை பிறக்கட்டும்."

"தை பிறந்தா எனக்கு வைக்கலும் மிஞ்சாது."

"வைக்கலுக்குப் பதிலா மீன் தாறன்."

"உன்ட மீனை எண்ட மாடு தின்னுமா?"

"எண்ட மருமகன் தின்னுறான். மாடு தின்னாதா?"

காத்திருப்பது என்று முடிவாகப் போன நேரத்தில் கம்சாயினி ஒரு கடதாசியைப் பார்த்து, இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசங்களை வாசித்தாள். நாமே கட்டினால் வேகம், நாமே கட்டினால் பாதுகாப்பு. யாரும் கேட்கவில்லை. கடைசியாக, நாமே கட்டினால் கேர்னலின் பெயருக்குப் பின்னால் நாம் விரும்பிய பெயரைச் சேர்க்கலாம், பிறகு கேர்னலின் பெயரைக் கேட்கிற நேரமெல்லாம் அதுவும் சேர்ந்து வரும் என்று வாசித்தாள்.

தவிசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பெயரையும்?"

"ஓம் ஐயா. இங்கிலிஸ் எழுத்தில. இடைவெளி விடாம."

நாமே கட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாகியது. நம் கையால் நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்று தவிசாளர் இரண்டாவது தரம் பேசினார். முதல் பேச்சுக்குத் தட்டிய அதே ஆட்கள் அதே பலத்தோடு தட்டினார்கள்.

அந்தப் பெயருக்கு மிச்ச நாள் முழுவதும் போனது. ஆற்றுவாய் ஆலோசனைச் சபை, அதன் பிறகு தவிசாளரின் முழுப்பெயர், அதன் பிறகு அவருடைய பட்டங்கள். கொம்பியூட்டர் நீளம் கூடிப்போனது என்று மறுத்துவிட்டது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஆற்றுவாய் என்ற சொல்லை வெட்டினார்கள். அந்த மாரியில் சபை வெட்டிய ஆற்றுவாய் அது ஒன்றுதான்.

வெளியே வரும்போது, வயல் வாடிக் குடிசையில் காவல் நின்ற மனிசி சின்னத்தங்கம் போன் எடுத்தாள். "இஞ்சாருங்க, வரம்பு காணல்ல. என்ன சொன்னாங்க?"

"கட்டப் போறாங்களாம்."

"வரம்பையா?"

"இல்ல. பேசாம இரி."

மறுநாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கொம்பியூட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். கட்டுவதற்கு முன்னால் கேர்னல் சில கேள்விகள் கேட்கும் என்று கம்சாயினி சொன்னாள். இது உனக்கு வேண்டுமா, அது உனக்கு வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் பழைய கேர்னலுக்குக் கொடுத்த விடைகளை அப்படியே எடுத்துக்கொண்டு புதிதாய் உள்ளதை மட்டும் கேட்க வைக்கலாம்.

"பழைய விடைகளை முன்மொழிந்தவர் யார்?" என்று கேட்டார் தவிசாளர்.

"தெரியா ஐயா. கொம்பியூட்டரோட வந்தது."

"வழிமொழிந்தவர்?"

முன்மொழியப்படாத விடைகளைச் சபை ஏற்காது என்று, முதலாவது கேள்வியில் இருந்து தொடங்கினார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் இருந்தன. ஓம் என்றால் கேர்னலின் உள்ளுக்கே சேரும். இல்லை என்றால் சேராது. மூன்றாவது 'எம்'. உள்ளுக்குச் சேர்க்காமல் பக்கத்தில் வைத்திருப்பது, தேவை வந்தால் எடுத்துக்கொள்வது. இதைக் கேட்டதும் தவிசாளரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. சேவையில் இருந்த காலம் முழுக்க நான் இதைத்தான் எழுதினேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. இவர்கள் ஒரு எழுத்தில் முடித்துவிட்டார்கள்."

விளங்காத கேள்வி வந்தால் கேள்விக்குறியை அமத்தினால் விளக்கம் வரும். விளக்கத்தின் கடைசியில் அநேகமாக ஒரு வரி இருக்கும். கம்சாயினி தமிழில் சொன்னாள்: சந்தேகமென்றால் இல்லை என்று சொல்லவும். தவிசாளர் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று கேட்டார். இதை எழுதியவர் எந்தத் திணைக்களத்தில் இருந்தவர் என்று விசாரிக்கும்படி பணித்தார்.

அநேகமான கேள்விகளுக்கு எம் என்று பதிந்தபடி இப்படியே போனது. நடந்துகொண்டிருக்கும் வேலையை அவசரமான வேறொரு வேலை வந்து இடைமறிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சின்னத்தங்கம்தான். "இலை நுனி மட்டும்தான் தெரியுது," என்றாள். நான் எழுந்து, "ஐயா, எண்ட வயல்," என்றேன். தவிசாளர் என்னைக் காட்டி, "இதோ உதாரணம்," என்றார். "அவசரக்காரனை இடைமறிக்க விட்டால் ஒரு வேலையும் ஒழுங்காக முடியாது. இடைமறிக்க இடமில்லை என்று பதிக." முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். என்னை இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். கதிரைக்குக் கீழே பாதம் நனைந்தது. வாவி கதவைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்திருந்தது.

காவல் வேலை பற்றி ஒரு கேள்வி வந்தது. கொம்பியூட்டர் அசையாமல் விறைத்துப் போனால் அதைக் கவனித்துத் தட்டியெழுப்பித் திரும்ப ஓட வைக்கிற ஒன்று வேண்டுமா என்று. தவிசாளர் நெற்றியைச் சுருக்கினார். "அசையாமல் நிற்கும் ஒன்றை வெளியில் இருந்து ஒருவர் கவனித்துத் தட்டுவது நிர்வாக மரபு அல்ல. அது தானாக எழும்பினால் எழும்பட்டும்." இல்லை என்று பதிந்தார்கள்.

கொம்பியூட்டர் தொடங்கும்போது திரையில் ஒரு பறவையின் படம் காட்டட்டுமா என்ற கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும் விடக் கூட நேரம் போனது. அது பெங்குவின். எங்கள் வாவியில் இல்லாத பறவை ஏன் என்று ஒருவர் எதிர்த்தார். கொக்கு வைக்க முடியுமா என்று ஒருவர். கொக்கு மீனைத் தின்னும், ஆகவே மீனவர் சங்கம் கொக்கை ஏற்காது என்றான் வேலன். நீர்க்காகம் என்றார் இன்னொருவர். அதற்கும் வேலன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெங்குவின் எவருடைய இறாலையும் தின்னாத நடுநிலையான பறவை என்று ஓம் சொன்னார்கள். அதற்குள் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது. கொம்பியூட்டரை மேசையோடு தூக்கி இன்னொரு மேசைக்கு மேல் வைத்தார்கள். குத்துவிளக்கையும் தூக்கி வைத்தார்கள். கம்சாயினி நின்றுகொண்டு அமத்தினாள். எல்லாரும் காலைத் தூக்கிக் கதிரைக் கம்பியில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வந்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கொம்பியூட்டர் சொல்லாததைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இதுதான் ஐயா," என்றாள் கம்சாயினி. என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "மானிட கம்பி கொழுவுற துண்டு. இதுக்கு ஓம் எண்டாலும் சரி, எம் எண்டாலும் சரி, மானியைத் தெரியும்."

கதிரைக் கால்களைத் தண்ணீர் தட்டியது. 

"விளக்கம்?" என்றார் தவிசாளர்.

அவள் வாசித்தாள். கடைசி வரியும் வந்தது. சந்தேகமென்றால் இல்லை என்று சொல்லவும்.

"எவருக்காவது சந்தேகம் உண்டா?"

வேலன் கையை உயர்த்தினான். "எனக்குச் சந்தேகம்."

"என்ன சந்தேகம்டா உனக்கு?" என்றேன்.

"என்னவோ, ஒரு சந்தேகம் மச்சான்." அவன் என்னைப் பார்க்கவில்லை. கதிரைக்குக் கீழே போன ஒரு சின்ன மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து கையை நன்றாக உயர்த்தினேன். இந்த முறை எது எந்த நேரம் என்று எனக்குத் தெரியும். "ஓம். நான் முன்மொழியிறன்."

"நான் வழிமொழியிறன்," என்றான் முனாப்.

தவிசாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற சிரிப்பு.

"உங்கள் வயலில் வெள்ளம் நிற்கிறதல்லவா? ஆகவே நீங்கள் பயனாளி. வெள்ளத்தைப் பற்றித் தீர்மானிக்கும் இடத்தில் பயனாளி கையை உயர்த்த முடியாது. வெள்ளத்தால் ஒன்றும் ஆகாதவர்தான் வெள்ளத்தைப் பற்றி நடுநிலையாக நடக்கலாம். என்னைப் பாருங்கள். என் வீடு மேட்டில் இருக்கிறது. அதனால்தான் என்னை இந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள்."

"அப்ப வேலனுக்கு இறால் இரிக்கே," என்றான் முனாப்.

"அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டார். சந்தேகப்படுவதற்குப் பயனாளி, பயனாளி அல்லாதவர் என்ற பேதம் கிடையாது."

"அந்த எம்மையாவது போடுங்களன். எல்லாத்துக்கும் எம் போட்டீங்களே, இதுக்கு மட்டும் என்ன?"

"எம்முக்கும் முன்மொழிபவர் ஒருவர் வேண்டும். பயனாளி அல்லாத எவராவது?"

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். வயல் இல்லாதவனுக்கு அந்தக் கேள்வியால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கு ஏன் கையைத் தூக்குவான்? கம்சாயினியின் விரல் தட்டச்சுப் பலகைக்கு மேலே நின்றது. 'எம்' எழுத்தும், இல்லைக்கு அமத்துகிற 'என்' எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று பிறகு சொன்னாள். அப்போது அது எனக்குத் தெரியாது. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சபையின் விரலால் இல்லை என்று அமத்தினாள்.

போன் அடித்தது. எடுத்தேன். "வாடிக்குள்ள தண்ணி," என்றாள் சின்னத்தங்கம். "நெல்லு தெரியல்ல. தண்ணி மட்டும்தான். நீங்க வாங்க."

"வாறன்," என்றேன். ஆனால் பாலத்தடியில் ரோட்டு மூடிவிட்டது. முனாப்பும் நானும் மண்டபத்திலேயே நின்றோம்.

கட்டுவதற்கு அந்த இரவும் அடுத்த பகலும் பிடித்தது. எம் போட்டதெல்லாம் பக்கத்தில் வைக்க வேண்டும் அல்லவா. கரண்ட் நின்றபடியால் ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தவிசாளர் கோயிலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் கம்சாயினி கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பத் தொடக்கினாள். பெங்குவின் வந்தது. பிறகு அவள் ஒரு வரியை அடிக்க, தவிசாளரின் பெயர் இடைவெளி இல்லாமல் வந்தது. ஆட்கள் தட்டினார்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு தட்டினால் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"கேர்னல் வேலை செய்கிறதா?" என்றார் தவிசாளர்.

"செய்யுது ஐயா."

"பிழை ஏதும்?"

"பிழை எண்டு ஒண்டும் காட்டல்ல."

"பிழை இல்லை என்று பதிக. மாகாணத்திலேயே முதலாவது."

"அந்த ஒரு கேள்வியை மட்டும் மாத்திக் கட்டலாமே ஐயா," என்று கேட்டேன். கையை உயர்த்தாமல் கேட்டேன்.

"கட்டலாம். தீர்மானமான ஒன்றை அடுத்த பருவத்தில் மீள எடுக்கலாம். அதற்கும் ஒரு முன்மொழிபவர் வேண்டும்."

ஆற்றுவாய் அடுத்த நாள் விடியத் தானாக உடைந்தது. வேலன்தான் போன் எடுத்தான். கடல் பக்கத்து ரோட்டு மூடவில்லை; மேட்டில் விட்டிருந்த மோட்டார் சைக்கிளில் முனாப் என்னை ஏற்றிக்கொண்டு போனான். மணல்மேட்டின் நடுவில் ஒரு பெரிய வாய். வாவி சேற்று நிறத்தில் கடலுக்குள் இரைந்துகொண்டு ஓடியது. வேலன் கரையில் குந்தியிருந்தான். அவன் கட்டியிருந்த வலைகளும் தடிகளும் அதோடு போய்க்கொண்டிருந்தன.

"நீ அண்டைக்குச் சந்தேகப்படாம இருந்திருக்கலாம் மச்சான்," என்றேன்.

"இருந்திருந்தா இறால் அண்டைக்கே போயிருக்கும்."

"இப்பவும் போகுதே."

"ஓம்," என்றான். "இப்பவும் போகுது."

அதற்கு மேல் அவனோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. பெக்கோக்காரன் பயந்து தன் இயந்திரத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பொலிஸ்காரர் வந்தார். அனுமதி இல்லாமல் ஆற்றுவாய் வெட்டப்பட்டதாகத் தகவல் கிடைத்ததாம்.

"யார் வெட்டினது?"

"தண்ணி வெட்டின," என்றேன்.

"எந்த ஊர்?"

முனாப் என் தோளைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனான்.

வெள்ளம் வடிந்த பிறகு வயலுக்குப் போனேன். நெல் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து சேறு பூசிக் கிடந்தது. ஒரு குடலையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பிறந்திருந்த பிஞ்சுக் கதிர் கறுத்துப் போய் நொளுநொளுத்தது. மோந்து பார்த்தேன். பிறகு ஒன்றையும் கீறிப் பார்க்கவில்லை. சின்னத்தங்கம் வாடியில் இருந்து பார்த்தாள்.

பருவத்தின் கடைசிக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். மண்டபத்தைக் கழுவியிருந்தார்கள். சுவரில் இடுப்பளவில் ஒரு சேற்றுக் கோடு மட்டும் கழுவுப்படாமல் நின்றது. தவிசாளர் அந்தச் சுவருக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"ஆற்றுவாய் திறந்திருப்பதாக வெளியில் கதைக்கிறார்கள். சபை அதைத் திறக்கவில்லை. குறித்த மட்டத்துக்கு நீர் வந்ததாகக் கொம்பியூட்டர் இந்தப் பருவத்தில் ஒரு தடவையேனும் காட்டவில்லை. கொம்பியூட்டரில் பிழை இல்லை என்று இதே சபை பதிந்திருக்கிறது. ஆகவே இந்தப் பருவத்தில் வெள்ளம் ஏற்படவில்லை என்ற தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன்."

சுவரில் நிற்கிற கோட்டைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். என் வயலின் சேற்றை அள்ளி வந்து இந்த மேசையில் வைக்கட்டுமா என்று கேட்க வேண்டும். பேச வேண்டும் என்றால் விதி இருக்கிறது. கையை உயர்த்தினேன்.

"வழிமொழிந்தவர், புளியடி வட்டை சாமித்தம்பி," என்றார் தவிசாளர்.

முனாப் பாய்ந்து எழும்பினான். "அது எப்பிடி? அண்டைக்கு அவர் பயனாளி, கையைத் தூக்க ஏலாது எண்டீங்களே."

"அன்றைக்கு," என்றார் தவிசாளர். "வெள்ளம் ஏற்படவில்லை என்று இப்போது தீர்மானமாகிவிட்டதே. இனி அவர் எப்படிப் பயனாளி ஆவார்?"

கை இன்னும் மேலேதான் நின்றது. கம்சாயினி என் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பிழை வராமல் இருக்க, பெயருக்கு முன்னால் வரும் இனிசலை ஒரு தடவை என்னிடம் கேட்டாள். சொன்னேன்.